கழுதைப் பள்ளத்தின் மேல் நின்ற நாற்காலி

இத்தாலிய மலையூரான காம்போலூப்போவில் பெரார்தோவின் நக இடுக்கைக் கறுப்பு இல்லாமல் பார்த்தவர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பும் முன் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பார். கிரீஸ் போகாது. பாதிரியார் மற்றவர்களுக்கு நற்கருணை அப்பத்தை உள்ளங்கையில் வைப்பார். பெரார்தோ வந்து நின்றால் மட்டும் வாயைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டுவார்.

ஆள் குள்ளம், தோள் அகலம், பேச்சு குறைவு. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து அசைய மாட்டார் என்பதால் ஊரில் அவருக்கு ‘ஆணி’ என்று பட்டப்பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆட்டிடையனின் மகன். மீசை அரும்பிய வயதில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். மற்றவர்கள் பூமிக்கடியில் இறங்கிக் கரி வெட்ட, இவரை மேலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டின் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது வேலை. வடம், சக்கரம், பிரேக் என்ற மூன்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். கூண்டு நிறைய ஆள் இருக்கும்போது பிரேக்கில் கை வைக்கிறவன் ஒன்றுக்குப் பத்து முறை யோசிக்க வேண்டும் என்று அங்கே ஒரு போலந்துக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரார்தோ இயல்பிலேயே பத்து முறை யோசிக்கிறவர். அந்த வேலை அவருக்குப் பொருந்திப்போனது.

ஊர் மலையில் பனிச்சறுக்குக்காரர்களுக்கு, வடத்தில் நாற்காலிகள் தொங்கிப்போகும் லிஃப்ட் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினார். அப்பாவும் அம்மாவும் அப்போது உயிரோடு இல்லை. தங்கை எர்சிலியா சித்தப்பா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். அவளைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டார். லிஃப்டில் கூட வேலை பார்த்த சபாத்தினோவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “லிஃப்டுக்குப் பொறாமை வந்துடும்” என்பார். அவர் சொன்ன வேடிக்கை அநேகமாக அது ஒன்றுதான்.

சபாத்தினோ நேர் எதிர். வாய் ஓயாது. எஞ்சின் என்றால் உயிர். பனியைச் சமன் செய்யும் வண்டி, பால் வண்டி, பாதிரியாரின் ஸ்கூட்டர் என்று எது நின்றுபோனாலும் அவன் கை பட்டால் ஓடும். சர்க்கரை வியாதிக்காரன். கால் மரத்துப்போகிறது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். “மரத்துப்போனா என்ன, என் கால் தூரத்துச் சொந்தம் மாதிரி, இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்” என்று அதையும் சிரிப்பாக்கிவிட்டான்.

தொண்ணூறுகளின் நடுவில் லிஃப்டுக்கு வயதாகிவிட்டது என்று அரசாங்கத்திடமிருந்து உத்தரவு வந்தது. வடத்தை மாற்ற வேண்டும், பிரேக்கைப் புதுப்பிக்க வேண்டும், மின்சாரம் போனால் ஆட்களை இறக்க ஒரு துணை எஞ்சின் வைக்க வேண்டும். இல்லையென்றால் மூடிவிட வேண்டும். ஊராட்சி எங்கெங்கோ கைநீட்டி வேலையை முடித்தது. துணை எஞ்சினுக்கு மட்டும் கை கடித்தது. “நான் பாத்துக்கறேன்” என்றான் சபாத்தினோ. உடைந்து கிடந்த ஒரு பனிவண்டியின் டீசல் எஞ்சினைக் கழற்றி, கோடை முழுவதும் அதோடு மல்லுக்கட்டி, கீழ் நிலையத்தில் வடத்தை இழுக்கும் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் பொருத்தினான். டீசல் ஓடினால் எண்ணெய் அழுத்தத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் சுழலும். அது பெரிய சக்கரத்தைப் பல்லால் கவ்வித் திருப்பும். எஞ்சின் மேல் எர்சிலியாவின் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தான்.

“எதுக்குடா என் பேரு?” என்று அவள் கேட்டதற்கு, “காலையில உன்னக் கிளப்பறதும் இதக் கிளப்பறதும் ஒண்ணுதான்” என்றான்.

நவம்பரில் சுமைச் சோதனைக்கு நாள் குறித்தார்கள். ஏறும் பக்கத்து நாற்காலி ஒவ்வொன்றிலும் இரண்டு ஆள் எடைக்குத் தண்ணீர்ப் பீப்பாய்களைக் கட்ட வேண்டும். இறங்கும் பக்கம் காலியாக வரும். மலை முழுக்க ஆட்கள் ஏறிப்போகிற நாளில் லிஃப்ட் என்ன பாடுபடுமோ, அந்தப் பாட்டை ஒரு மனிதர்கூட இல்லாமல் அதற்குக் கொடுத்துப் பார்ப்பது. முதலில் மின்மோட்டார் அந்தச் சுமையை இழுக்க வேண்டும். பிறகு நட்டநடுவில் நிறுத்தி, பிரேக் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக மோட்டாரைப் பிரித்துவிட்டு, துணை எஞ்சின் தனியாக அதே சுமையைக் கிளப்ப வேண்டும். மூன்றும் தேறினால்தான் டிசம்பரில் ஊருக்குப் பிழைப்பு.

சோதிக்க வந்தவர் லவீனியா என்ற பெண் பொறியாளர். குதிகால் செருப்போடு வருவார் என்று எதிர்பார்த்த ஊர், அவர் தேய்ந்த மலைப்பூட்ஸில் வந்து இறங்கியதும் மரியாதையாக விலகி நின்றது. பெரார்தோவும் அவரும் காலையில் வடத்தின் முதல் தூணிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார்கள். இருவருக்கும் பேச்சு குறைவு, ஒத்துப்போயிற்று.

சபாத்தினோவை மேல் நிலையத்துக்கு அனுப்பியிருந்தார் பெரார்தோ. அங்கே காவலுக்கு நூன்சியோ என்ற இளைஞன் இருந்தான். சுமையோடு முதல் ஓட்டம் தொடங்கியதும் மேல் தூண் ஒன்றில் இருந்த பாதுகாப்புக் கம்பி சும்மா சும்மா தட்டுப்பட்டு லிஃப்டை நிறுத்தியது. சபாத்தினோ மேல்கோட்டைக் கழற்றி நூன்சியோவிடம் வீசிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தூண்மேல் ஏறி அதைச் சரிசெய்தான். பிறகு மேல் நிலையத்துக்குத் திரும்பினான். அங்கே இருந்திருக்க வேண்டியவன்.

ஆனால் கீழே அடுத்து ஓடப்போவது அவனுடைய எஞ்சின். கோடை முழுவதும் கட்டி எழுப்பியது முதல் முறையாகச் சுமை இழுக்கப்போகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்காமல் அவனால் இருக்க முடியுமா?

“மேல்கோட்டையாவது போட்டுக்கோங்க அண்ணே” என்று நூன்சியோ கத்துவதற்குள் இறங்கும் நாற்காலி ஒன்றில் தாவி உட்கார்ந்துவிட்டான். சோதனை நடக்கும்போது வடத்தில் ஈ எறும்பு இருக்கக்கூடாது என்பது சட்டம். அது அவனுக்குத் தெரியாததல்ல. “பத்து நிமிஷம். ஆணிகிட்ட சொல்லிடாத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கீழே பெரார்தோவுக்கு இது எதுவும் தெரியாது. மோட்டார் முழுச் சுமையையும் இழுத்தது. நிறுத்தியபோது பிரேக் தாங்கியது. லவீனியா தலையசைத்தார். மோட்டாரைப் பிரித்து, சின்னப் பல்சக்கரத்தைப் பெரிய சக்கரத்தோடு கோத்தார்கள். பெரார்தோ டீசலைக் கிளப்பினார். எஞ்சின் இருமியது, புகைந்தது, பிறகு உறுமிக்கொண்டு ஓடியது. பெரிய சக்கரம் அசைந்து சுழன்றது. வெளியே தண்ணீர்ப் பீப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறின.

“நல்ல எஞ்சின்” என்றார் லவீனியா.

அவர் வாயை மூடக்கூட இல்லை. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். எண்ணெய்க் குழாய் கிழிந்து சுவரெல்லாம் எண்ணெய் பீய்ச்சியது. பெரிய சக்கரம் ஒரு கணம் நின்றது. பிறகு பின்னோக்கிச் சுழன்றது.

முதல் பிரேக் தானாக விழுந்தது. சக்கரம் கேட்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. பெரார்தோ சிவப்புப் பிடியை அடித்து இறக்கினார். இரண்டாவது பிரேக் கடித்தது, இரும்பு கதறியது, சக்கரம் நின்றது. தீய்ந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. வெளியே பீப்பாய்கள் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

பெரார்தோ வயர்லெஸ்ஸை எடுத்தார். “நூன்சியோ, மேல எல்லாம் சரியா?”

நூன்சியோ பதில் சொல்லவில்லை. வேறொரு குரல் வந்தது.

“மேல சரிதான் மச்சான். நடுவுலதான் கொஞ்சம் ஆடிப்போச்சு.”

பெரார்தோவுக்கு முதலில் விளங்கவில்லை. “நீ எங்க இருக்க?”

“கழுதைப் பள்ளத்துக்கு மேல. காத்து நல்லா வருது. என் எஞ்சினுக்கு என்ன ஆச்சு?”

கழுதைப் பள்ளம் லிஃப்டின் வழியிலேயே ஆழமான இடம். எங்கள் கோயில் மணிக்கூண்டைப் பெயர்த்து அதற்குள் நிறுத்தினாலும் வடத்தை எட்டாது. பெரார்தோ உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, வயர்லெஸ்ஸில், அவர் வாழ்நாளில் யாரையும் திட்டாத திட்டெல்லாம் திட்டினார். சபாத்தினோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“முடிஞ்சுதா? இப்ப என்ன இறக்கு மச்சான். இங்க சட்டையோட உக்காந்திருக்கேன்.”

இறக்கலாம் என்றுதான் பெரார்தோவும் நினைத்தார். மோட்டாரை மறுபடி கோத்துவிட்டால் போதும். ஆனால் சுமை பின்னால் வழுக்கியபோது சின்னப் பல்சக்கரமும் பெரிய சக்கரமும் பல்லோடு பல் இறுகிக் கடித்துக்கொண்டு நின்றன. மலையில் தொங்கிய தண்ணீர் முழுவதும் அந்தப் பற்களின் மேல் கனத்துக்கொண்டிருந்தது. சின்னதை வெளியே இழுத்தால்தான் மோட்டாரைக் கோக்க முடியும். அதை இழுக்க வேண்டுமானால் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பற்களுக்கு இடம் கொடுக்க வேண்டும். தளர்த்திய பிரேக் மறுபடி பிடிக்குமா? முதல் பிரேக் பிடிக்காததைக் கண்ணால் பார்த்தாயிற்று. இரண்டாவது கடித்தது, அதுவும் கருகிக்கொண்டு. அதுவும் வழுக்கினால் ஏறும் பக்கத்துச் சுமை முழுவதும் கீழே பாயும். இறங்கும் பக்கத்தில் இருக்கிற சபாத்தினோ மேல்நோக்கி இழுபட்டு, மேல் சக்கரத்தில் போய் மோதுவான்.

“நீங்க என்ன சொல்றீங்க மேடம்?” என்று லவீனியாவைக் கேட்டார்.

லவீனியா பிரேக்கின் பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்தார். “சட்டப்படி முடிவு எடுக்க வேண்டியது நீங்க. என்னக் கேட்டா, தொட வேண்டாம்.”

அப்படியானால் மேலேயிருந்து கயிற்றில் இறக்க வேண்டும். லிஃப்டில் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் நூன்சியோ. இன்னொருவன் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தான். நூன்சியோ கயிற்றோடு தூணில் ஏறினான். வடத்தில் சறுக்கி நாற்காலிவரை போக ஒற்றையாளால் முடியவில்லை. போனாலும் லிஃப்டில் வைத்திருந்த மீட்புக் கயிறு அந்தப் பள்ளத்தின் பாதிக்குக்கூடக் காணாது. மலையின் மறுபக்கத்திலிருந்து மீட்புக் குழுவை அழைத்தார்கள். சுற்றிக்கொண்டு வர வேண்டும். பொழுது சாய்வதற்குள் வருவோம் என்றார்கள். ஹெலிகாப்டர் கேட்டார்கள். வடகாற்று கிளம்பிவிட்டது, அந்தக் காற்றில் பறக்காது என்று பதில் வந்தது.

செய்தி ஊருக்குள் இறங்கியதும் ஊரே ஏறி வந்துவிட்டது. ஏணி வைத்திருந்தவர்கள் ஏணியோடு வந்து, தரைக்குப் பக்கத்தில் தொங்கிய பீப்பாய்களின் மூடியைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் சரிவில் ஓடி ஓடி, ஓடிய இடத்திலேயே உறைந்தது. இரண்டு பேர் அதில் வழுக்கி விழுந்தார்கள். சுமையில் சிறு பகுதிதான் குறைந்தது. உயரத்தில் தொங்கியவற்றை யாராலும் தொட முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஒருவன் நகரத்துக்குப் பறந்தான், புது எண்ணெய்க் குழாய் வாங்க. வாங்கியும் வந்தான். திருகுமறை பொருந்தவில்லை. அதைக் கையில் வைத்துத் திருகித் திருகிப் பார்த்துவிட்டுப் பெரார்தோ தரையில் போட்டார்.

எர்சிலியா லிஃப்ட் அடியில் காப்பியும் கிடைக்கும் மதுக்கடை வைத்திருந்தாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் புருஷனின் தடித்த கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு ஏறினாள். அங்கிருந்து பார்த்தால் நாற்காலியில் ஒரு சின்ன உருவம் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. காற்றில் நாற்காலி பக்கவாட்டில் ஆடியது. கோட்டை எப்படி அவனிடம் சேர்ப்பது? இருவர் கல்லில் கயிறு கட்டி வீசிப் பார்த்தார்கள். பாதி உயரம்கூடப் போகவில்லை. கோட்டைக் கையில் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றாள். பிறகு அதே கோட்டோடு இயந்திர அறைக்கு வந்தாள்.

“அண்ணே, பிரேக்க விடு.”

“விட முடியாது எர்சிலியா.”

“எல்லாரும் சொல்றாங்க, கொஞ்சூண்டு தளத்தினா பல்லு வெளிய வந்துடுமாம். கொஞ்சூண்டு.”

“எல்லாரும் சொல்லுவாங்க.”

மேயர் எவாந்த்ரோவும் உள்ளே வந்திருந்தார். நல்ல மனிதர், பதற்றக்காரர். “பெரார்தோண்ணே, பிரேக் புதுசு. வாங்கி ஆறு மாசம்கூட ஆகல. இப்ப பாதிப் பீப்பா காலி வேற. நான் பொறுப்பு. எழுதிக் கொடுக்கட்டா?”

“பாதி இல்ல. கால்வாசிகூட இல்ல. நீ எழுதிக் கொடுத்தா பிரேக் படிச்சுப் பாக்குமா?”

“அப்ப என்னதாண்ணே செய்யறது?”

“ஒண்ணும் செய்யறதுக்கில்ல. அவங்க வரட்டும்.”

எர்சிலியா லவீனியாவின் பக்கம் திரும்பினாள். “உன் புருஷன் அங்க தொங்கினாலும் தொடாதன்னுதான் சொல்லுவியா?”

லவீனியா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். “தெரியலம்மா” என்றார்.

வயர்லெஸ்ஸில் சபாத்தினோ பேசிக்கொண்டே இருந்தான். முதலில் வேடிக்கையாக. கீழே நரி ஒன்று போகிறது, அதற்கு நல்ல கோட்டு இருக்கிறது என்றான். எர்சிலியாவிடம் அன்றைய சாப்பாடு என்ன என்று கேட்டான். “அவரைக்கொட்ட சூப்பு” என்றாள். “அப்ப நான் இங்கயே இருந்துக்கறேன்” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நேரம் ஆக ஆக அவனுடைய சொற்களுக்கு இடையில் இடைவெளி விழுந்தது. நாக்கு தடித்தாற்போலக் கேட்டது.

“மச்சான்.”

“சொல்லு மாப்ள.”

“காலு தெரியல.”

“ஆட்டிக்கிட்டே இரு. பந்த உதைக்கற மாதிரி உதை.”

“உதைக்கறனா இல்லையான்னே தெரியல. நீ பிரேக்க விடப்போறியா இல்லையா?”

அறையில் எல்லோரும் பெரார்தோவைப் பார்த்தார்கள். அவர் சிவப்புப் பிடியைப் பார்த்தார். ஒரு விரல் அகலம் தூக்கினால் போதும். தூக்குவது ஒரு குழந்தைக்குக்கூட முடியும். அத்தனை பேர் கேட்ட ஒன்றைச் செய்யாமலிருக்க அவருக்கு உடம்பில் உள்ள பலமெல்லாம் வேண்டியிருந்தது. கைகளைக் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

“விட மாட்டேன் மாப்ள. விட்டா நீ செத்துருவ.”

“இங்கயும் அதுதான் நடக்குது.”

அதன் பிறகு வெறும் காற்றின் இரைச்சல் வந்தது. பெரார்தோ விடாமல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எஞ்சினைப் பற்றிக் கேட்டார், எந்தக் குழாய், எங்கே வாங்கினான், எத்தனை சுற்று முறுக்கினான் என்று. தெரிந்த விஷயங்களையே தெரியாதவர் போலக் கேட்டார். எஞ்சின் என்றால் அவன் வாய் திறக்கும் என்று அவருக்குத் தெரியும். சில சமயம் ஓரிரு சொல் வந்தது. சில சமயம் ‘ம்’ மட்டும். எர்சிலியா வயர்லெஸ்ஸைப் பிடுங்கி, “தூங்கினே, உன் எஞ்சினக் கோடாலியால வெட்டிப் போடுவேன்” என்று அலறினாள். “கோடாலி மழுங்கிக் கிடக்கு” என்று பதில் வந்தது. அதுதான் அன்று அவன் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை.

மீட்புக் குழு வெளிச்சம் மங்கும் நேரத்தில் வந்தது. வேலை தெரிந்தவர்கள். வந்த வேகத்தில் தூண் ஏறி, வடத்தில் உருளை மாட்டி, நாற்காலிக்குச் சறுக்கி, அவனைப் பையில் குழந்தையைக் கட்டுவதுபோலக் கட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். மேலே தூக்கிவந்தபோது அவன் விரல்கள் நாற்காலிக் கம்பியைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றன. எர்சிலியா அப்போதுதான் கோட்டைப் போர்த்தினாள்.

பெரார்தோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் போனார். அவள் நிமிர்ந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

“உன் மெஷினக் காப்பாத்திட்டே அண்ணே” என்றாள். ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

சபாத்தினோ பிழைத்தான். ஆனால் இரத்தம் ஓடாத கால், சர்க்கரை வேறு. முதலில் விரல்களை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் இடது பாதத்தில் பாதியை எடுத்தார்கள்.

அதற்குள் லிஃப்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. காற்று நின்ற பிறகு மீட்புக் குழுவின் உதவியோடு உயரத்துப் பீப்பாய்களையெல்லாம் காலி செய்தார்கள். பெரார்தோ சிவப்புப் பிடியை ஒரு விரல் அகலம் தூக்கினார். சின்னப் பல்சக்கரம் ஆடுகிற பல் மாதிரி லேசாகக் கழன்று வந்தது. பக்கத்தில் நின்ற யாரோ, “இவ்வளவுதானா? இத அன்னைக்கே செஞ்சிருக்கலாமே” என்றார்கள். பெரார்தோ திரும்பிப் பார்க்கவில்லை. இன்று மேலே தண்ணீர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் சுற்றி, ஆஸ்பத்திரி வரைக்கும் போய் எர்சிலியாவின் காதிலும் விழுந்தது.

பிரேக்கைக் கழற்றி, அதைச் செய்த கம்பெனிக்கே சோதிக்க அனுப்பினார்கள். பெரார்தோ நாள்தோறும் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் லவீனியாதான் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சூட்டுல எல்லாம் தீஞ்சு வழவழன்னு நிக்குதாம். தளத்தியிருந்தா மறுபடி பிடிச்சிருக்கலாம், பிடிக்காமலும் போயிருக்கலாம். ரெண்டையும் உறுதியாச் சொல்ல முடியலங்கறாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். நீங்க செஞ்சது சரி பெரார்தோ. என் அறிக்கையில அப்படித்தான் இருக்கும்.”

“சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?”

அந்தப் பனிக்காலம் லிஃப்ட் ஓடவில்லை. மதுக்கடை திறக்கவில்லை. சிலர் வேலை தேடிக் கடலோரத்துக்குப் போனார்கள். யாரும் பெரார்தோவைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர் சீட்டாட உட்கார்ந்தால் மேசையில் பேச்சு தணிந்துவிடும்.

அடுத்த இலையுதிர் காலத்தில் புது பிரேக், தொழிற்சாலையிலிருந்து நேராக வந்த புது எஞ்சின், மறுபடியும் தண்ணீர்ப் பீப்பாய்கள், மறுபடியும் லவீனியா. சபாத்தினோ கோலூன்றிக்கொண்டு வந்து இயந்திர அறையிலேயே, பெரார்தோவின் கண்ணுக்கெதிரே, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். “நான் எங்க இருக்கேன்னு பாத்துக்கோ மச்சான், அப்புறம் தேடாத.” எல்லாம் தேறியது. ஊர் கைதட்டியது. பெரார்தோவுக்குச் சட்டை முழுக்க வேர்த்து நனைந்திருந்தது. எர்சிலியா அன்று, நகரத்தில் குடியிருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு சபாத்தினோ எழுந்திருக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“தெரியாது.”

“இத்தன வருஷமா இதோட குடும்பம் நடத்தற. தெரியாதா?”

“தெரியாது மாப்ள. தெரிஞ்சிருந்தா ராத்திரி தூங்குவேன்.”

சபாத்தினோ பாதிக் காலை நீட்டிப் பார்த்தான். “நான் ஏறாம இருந்திருக்கணும். அதுவும் உண்மைதான். அவகிட்ட நூறு தடவ சொல்லிட்டேன். காதுல ஏறல.” பிறகு கோலைத் தேடி எடுத்தான். “வா, ஆளுக்கு ஒரு கிளாஸ் போடுவோம்.”

அவனுக்கு மனத்தில் ஒன்றும் இல்லை. பெரார்தோவுக்கு அதுவே பாரமாக இருந்தது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

எர்சிலியா கதவை அடைத்தவளும் இல்லை. அண்ணன் காலையில் கடைக்கு வந்தால் காப்பி போட்டுக் கொடுப்பாள். அத்தனை காலமும் அவரிடம் அவள் காசு வாங்கியதில்லை. லிஃப்ட் மறுபடி ஓடத் தொடங்கிய பனிக்காலத்தின் முதல் நாள் காப்பியை வைத்துவிட்டு, மற்றவர்களிடம் நிற்பதுபோலவே எதிரே நின்றாள். பெரார்தோவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. பையைத் துழாவி லிரா காசை எடுத்து வைத்தார். அவள் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து அப்படித்தான்.

பிப்ரவரியில் பெரார்தோ காய்ச்சலில் விழுந்தார். லிஃப்டுக்கு அவர் வராத முதல் நாள். மதியம் கதவைத் தட்டாமல் எர்சிலியா உள்ளே வந்தாள், மூடிய பாத்திரத்தில் கோழிச் சூப்போடு. அடுப்பு அணைந்து கிடப்பதைப் பார்த்துத் திட்டினாள். விறகை அடுக்கிப் பற்றவைத்தாள். மூலையில் கிடந்த அழுக்குச் சட்டைகளைப் பொறுக்கி மூட்டை கட்டினாள். சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“எர்சிலியா, அன்னைக்கு நான்...”

“சாப்பிடு. ஆறிப்போகும்.”

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சன்னல் வழியே லிஃப்டின் நாற்காலிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது தெரிந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் போனாள்.

காய்ச்சல் விட்டதும் அவர் கடைக்குப் போனார். துவைத்து மடித்த சட்டைகளைப் பையில் போட்டுக் கொடுத்தாள். காப்பி வைத்தாள். எதிரே நின்றாள். பெரார்தோ காசை எடுத்து வைத்தார்.